நாவலின் முதல் பத்தியைப் புயலிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். பாம்பனும் அதைச் சுற்றியுள்ள கரையும்தான் கதைக்களம். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண், 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியிலிருந்து உயிர் தப்பி வந்த அவளுடைய பாட்டி, இவர்கள் இருவரும் கதையின் மையம். அந்த இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டுக் கடலோடு போன பயணிகள் ரயிலில் பாட்டியின் கணவர் இருந்தார். பேத்தியின் கதை 2023ஆம் ஆண்டில் நடக்கிறது. 18 அத்தியாயங்களை முடித்துவிட்டேன். முதல் சில பக்கங்களைத் தவிர மற்ற இடங்களில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

முதல் அத்தியாயத்தை மட்டும் செப்பனிட்டு ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். "மொழி நன்றாக இருக்கிறது, ஆனால் கதைக்குள் நுழைய முடியவில்லை" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பல நாள் அந்த வரியை மனத்தில் போட்டுப் புரட்டிய பிறகு, சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது. எந்த இடத்தில் வாசல் அடைபட்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இப்போதுள்ள தொடக்கத்தைக் கீழே தருகிறேன்.

"கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலக்கடல் பரந்து கிடந்தது. ஆண்டாண்டு காலமாக அதன் அலைகள் கரையைத் தழுவுவதும் விலகுவதுமாக இருந்தன. பனைமரங்கள் காற்றில் தலையசைத்தன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள். தங்கள் வாழ்வின் கடைசி இரவு அதுதான் என்பதை அறியாமல் தனுஷ்கோடி மக்கள் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்கள்."

இதற்குப் பின் ஒன்றரைப் பக்கம் தனுஷ்கோடியின் பழைய பெருமையைச் சொல்கிறேன்: துறைமுகம், தலைமன்னாருக்குப் போன கப்பல், ரயில் நிலையம், அஞ்சலகம். அதன்பிறகு புயல். அதற்கும் பிறகுதான் 2023ஆம் ஆண்டு மே மாதத்துக் காலை வருகிறது. விசைப்படகுகள் வரிசையாகக் கடலுக்குள் போகின்றன, பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து செல்கிறது, பேத்தி கரையில் நின்று அதைப் பார்க்கிறாள்.

புயலில் தொடங்கினால் வாசகரை உடனே இழுத்துவிடலாம் என்று எண்ணித்தான் அதை முன்னால் வைத்தேன். அந்த எண்ணம் தவறா? கதைமாந்தர்கள் பேசும் எங்கள் ஊர்ப் பேச்சை முதல் பக்கத்திலேயே கொண்டுவந்தால் வெளியூர் வாசகர் மிரண்டுவிடுவாரா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

*

மறுமொழி: சேதுநாட்டு ஆசிரியர்

தம்பி, உங்கள் பத்தியை இரண்டு முறை படித்தேன். நான் பள்ளியில் பல்லாண்டு தமிழ் கற்பித்துவிட்டு இராமநாதபுரத்தில் ஓய்வில் இருப்பவன். நாவல் எழுதியவன் அல்லன் என்பதால் வாசகனாகவும் ஆசிரியனாகவும் மட்டுமே பேசுகிறேன்.

தொல்காப்பியம் அகப்பாடலின் உள்ளீட்டை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பகுத்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, உணவு, தொழில் முதலியவை கரு. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நிகழ்கிற பிரிவு, காத்திருப்பு, ஊடல் போன்றவை உரி; நெய்தலுக்கு இரங்கல் என்று வைத்தார்கள். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். நிலத்தையோ பொழுதையோ சொல்லாமல் விட்ட சங்கப் பாடல் உண்டு. உரிப்பொருள் இல்லாமல் அகப்பாடல் இல்லை. இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோலை நான் கண்டதில்லை. அதை உங்கள் பத்தியின் மேல் வைத்துப் பாருங்கள். கடல், அலை, பனை, காற்று, நாள், ஆண்டு என்று அனைத்தும் முதலும் கருவும்தான். ஒருவர் இன்னொருவருக்காக ஏங்குவதோ, கோபப்படுவதோ, பயப்படுவதோ இரண்டாம் பக்கம் முடிகிற வரை இல்லை. நுழைய முடியவில்லை என்று அவர் எழுதியதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. நிலத்தைக் காட்டிவிட்டீர்கள், அதற்குள் போய் நிற்க ஓர் ஆளைத் தரவில்லை.

புயலைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1964ஆம் ஆண்டுப் புயலை அறியாத தமிழ் வாசகர் குறைவு. இராமேசுவரத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஆகவே புயல் வரும் என்பது அவருக்குச் செய்தியே அன்று. "கடைசி இரவு என்பதை அறியாமல்" என்று நீங்கள் எழுதுகிறபோது, அவருக்குத் தெரிந்ததையே அவருக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள். அதற்கு மாறாக, அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை நம்பி நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், மிகச் சிறிய செயலும் கனத்துவிடும். மறுநாளைக்காக ஒரு பெண் அரிசியை ஊறப்போடுகிறாள் என்று எழுதிவிட்டு, அந்த நாளின் தேதியை மட்டும் வாசகர் எப்படியாவது அறியும்படி செய்துவிடுங்கள். அந்த அரிசி போதும். மேலே ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அகப்பாடல்கள் பெரும்பாலும் ஒருவருடைய பேச்சின் நடுவில் தொடங்குகின்றன. தலைவி தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், நாம் போய்ச் சேரும்போது பாதிப் பேச்சு ஓடிவிட்டது. ஊர்ப்பெயர் இல்லை, அவர்களுக்கு இயற்பெயரும் இல்லை. அகத்தில் பெயர் சுட்டக்கூடாது என்பதே விதி. யார் யாரிடம் எதற்காக இதைச் சொல்கிறார் என்பதை நாமே ஊகித்து உள்ளே போகிறோம். ஊகிக்க விடுவதும் ஒரு வகை வரவேற்புதான். உங்கள் நாவலையும் அப்படி ஒரு பேச்சின் நடுவில் தொடங்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

*

மறுமொழி: தெற்குவாடி

தம்பி, நான் பாம்பன் தெற்குவாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசிக்குப் போனவர். நீங்கள் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் எங்களுடைய வாழ்க்கை என்பதால், ஆசிரியர் ஐயா தொடாத சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கடலுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், சிலவற்றைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். அடுத்து, அந்த ஆண்டில் பாலத்தின் மேல் பயணிகள் ரயில் ஊர்ந்து போயிருக்க வழியே இல்லை. 1914ஆம் ஆண்டில் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6ஆம் நாள்தான் திறந்தார்கள். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் ரயில் சத்தத்தை வைத்து நேரம் சொல்கிற பழக்கம் இருந்தது. அது நின்றுபோன முதல் வாரத்தில் அம்மா இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார், ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ரயிலில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பாட்டி, தன் முதுமையில் ரயில் ஓசையே இல்லாத ஓர் ஆண்டில் வாழ்கிறார் என்பது உங்கள் கையில் தானாக வந்து விழுந்திருக்கிறது. நீங்களோ அங்கே ரயிலை ஓட விட்டிருக்கிறீர்கள்.

தவறு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் இப்படி ஒரு பிழையைக் கண்டதும் எங்களைப் போன்றவர்கள் அதற்குப் பிறகு எதையும் நம்ப மாட்டோம். பதினெட்டாம் அத்தியாயத்தில் இருந்தால் மன்னித்துவிடலாம். தொடக்கத்தில் இருந்தால், கடலைக் கரையிலிருந்து பார்த்தவர் எழுதியது என்று முடிவு கட்டிவிடுவோம்.

மக்கள் நிம்மதியாக உறங்கினார்கள் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. காற்றின் போக்கு மாறினால் கரையில் இருப்பவர்களுக்கு உறக்கம் வராது. படகை மேலே இழுத்துக் கட்டப் போவார்கள், கூரையின் மேல் கயிற்றைப் போடுவார்கள், கிழவிகள் வாசலில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவார்கள். அதேபோல வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வதை நீங்களும் அறிவீர்கள். ஆனால் மார்கழியில் வாடைக்காற்று அடிக்கிற நாட்களில் சீறுவது அந்தப் பெண்கடல்தான், தெற்கு அப்போது தணிந்திருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். "நீலக்கடல் பரந்து கிடந்தது" என்று எழுதுகிறவருக்கு இந்த இரண்டு கடலும் ஒன்றாகிவிடுகிறது. எங்களுக்கு எந்தக் கடல், எந்தக் காற்று என்று சொன்னால்தான் அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பது தெரியும்.

இனி என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையை ஒட்டி வளர்வது. அதைக் கையால் பிய்க்கும்போது பாறை விரலை அறுத்துவிடும் என்பதால் பழைய சேலையை நீளநீளமாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். இடது கையை வலது கையால் கட்டிவிடலாம். வலது கைக்கு வரும்போது, ஏற்கெனவே துணி சுற்றிய தடித்த விரல்களால் முடிச்சுப் போட வராது. பல்லால் கடித்து இழுத்துக் கட்ட வேண்டும், அல்லது படகில் பக்கத்தில் இருப்பவர் கட்டிவிட வேண்டும். அம்மாவுக்கு எப்போதும் ஒரே சித்திதான் கட்டிவிடுவார், அவருக்கு அம்மா கட்டிவிடுவார். ஏதோ சீட்டுப்பணத் தகராறில் இருவரும் பேசாமல் இருந்த நான்கு மாதத்தில் அம்மா பல்லால்தான் கட்டினார். படகில் அத்தனை பெண்கள் இருந்தும் வேறு யாரிடமும் கையை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் உதட்டோரத்தில் நூல் ஒட்டியிருக்கும். அந்த நூலைப் பார்த்துத்தான் சண்டை இன்னும் தீரவில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

*

மறுமொழி: கீழக்கரை வாசகன்

வட்டார வழக்கைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கீழக்கரையில் தந்தையை வாப்பா என்றும், அக்காவை லாத்தா என்றும், அண்ணனைக் காக்கா என்றும் அழைப்போம். ஒரு கதையின் முதல் வரியில் "லாத்தா இன்னும் கதவைத் திறக்கவில்லை" என்று இருந்தால், ஊரும் வீடும் உறவும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. வெளியூர்க்காரருக்கு அந்தச் சொல்லின் பொருள் உடனே தெரியாமல் போகலாம். கதவுக்கு உள்ளே ஒரு பெண் இருக்கிறாள், வெளியே அவளுக்கு வேண்டிய ஒருவர் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். அது போதுமானது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பிறைக்குறி போட்டுப் பொருள் எழுதினால், பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நம் பக்கம் திரும்பி விளக்கம் சொன்னதுபோல் ஆகிவிடும். முதல் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கதை சொல்பவரின் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும், உறவுப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் மட்டும் ஊரில் சொல்கிறபடியே விடுங்கள். வத்தை, வல்லம், வாடி போன்ற சொற்களை அவற்றைக் கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதே விளக்கிவிடும்.

*

மறுமொழி: கையெழுத்துப்படி வாசிப்பவன்

நண்பரே, ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளைச் சில ஆண்டுகளாக முதல் சுற்றில் வாசித்து வருகிறேன். உங்கள் கதையைத் திருப்பியனுப்பியது நாங்கள் அல்ல, ஆனால் அப்படி ஒரு வரியை நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதுகிறவர் எந்த மனநிலையில் எழுதுகிறார் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

வருகிற கதைகளில் பெரும்பாலானவை விடியலில் தொடங்குகின்றன. யாரோ கண் விழிக்கிறார், கைப்பேசி ஒலிக்கிறது, மழை பெய்துகொண்டிருக்கிறது, பேருந்தின் சன்னலோரத்தில் ஒருவர் பழைய நினைவில் மூழ்குகிறார். இவற்றைத் தவறு என்று சொல்ல மாட்டேன். எழுதுகிறவர் கதைக்குள் போவதற்காகத் தனக்குத்தானே போட்டுக்கொண்ட படிக்கட்டு அது. எழுதி முடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும், பலரும் எடுப்பதில்லை. ஆகவே நான் ஒரு காரியம் செய்வேன். இரண்டாம் பக்கத்தின் நடுவிலிருந்து வாசித்துப் பார்ப்பேன், அங்கிருந்தே கதை புரிந்துவிட்டால் முன்னால் இருப்பது படிக்கட்டு. உங்கள் நாவலிலும் அதைச் செய்து பாருங்கள். தனுஷ்கோடியின் துறைமுகம், கப்பல், அஞ்சலகம் எல்லாம் இருக்கட்டும். பாட்டி ஒருநாள் பேத்தியிடம் கோபத்திலோ ஏக்கத்திலோ சொல்லும்போது வரட்டும். 1914 முதல் ரயிலும் கப்பலுமாகச் சென்னையையும் இலங்கையையும் இணைத்த ஓர் ஊர் என்ற செய்தியை, அங்கே வாழ்ந்தவரின் வாயால் கேட்க ஐந்தாம் அத்தியாயம் வரைகூட நான் காத்திருப்பேன். முதல் பக்கத்தில் அது எனக்குச் சுற்றுலாக் கையேடாகத்தான் தெரியும்.

மெதுவாகத் தொடங்குவது குற்றம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஓர் ஆள் வலைக்கண்ணைத் தைப்பதை மூன்று பக்கம் எழுதலாம், அந்தக் கை எதையோ நினைத்து நடுவில் ஒருமுறை நின்றுவிட்டால் நான் ஆறு பக்கமானாலும் படிப்பேன். மாறாகக் கொலையில் தொடங்கிய கதைகள் எத்தனையோ என்னை அயர வைத்திருக்கின்றன. செத்தவர் யார் என்று தெரியாத நிலையில் அந்தச் சாவு எனக்கு என்ன செய்யும்? உங்கள் புயலுக்கும் இதே சிக்கல்தான். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள் என்பதற்கு முன்னால், அவர்களில் ஒருவரையாவது எனக்கு அறிமுகம் செய்திருக்க வேண்டும்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பேச்சின் நடுவில் தொடங்கும் அகப்பாடல் சங்ககாலத்துக் கேட்பவருக்குப் புரிந்ததற்குக் காரணம், தலைவி, தோழி, செவிலி என்ற வட்டம் அவருக்கு முன்பே பழகியிருந்தது. அப்படியிருந்தும், தொகை நூல்களில் பாடலின் கீழே இன்னார் இன்னாரிடம் சொன்னது என்று துறைக்குறிப்பை எழுதிவைக்க வேண்டியிருந்தது. நாவலுக்கு அந்த வசதி இல்லை. யார் பேசுகிறார் என்று தெரியாத உரையாடலை வாசகர் மூன்று வரி தாங்குவார், நான்காம் வரியில் களைத்துவிடுவார். பேச்சில் தொடங்கினால், பேசுகிறவருடைய கையில் என்ன இருக்கிறது என்பதையாவது உடனே காட்டிவிடுங்கள்.

தெற்குவாடி அம்மையார் எழுதிய கடைசிப் பத்தியை உங்களுக்கு மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன். உதட்டில் ஒட்டிய அந்த நூலைப் படித்ததும் நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. அதில் தொழில் இருக்கிறது, பகை இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது, பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரயில் ஓசை இல்லாத ஆண்டும் வலிமையான செய்திதான். ஆனால் இரண்டையும் முதல் பத்தியில் வைத்துவிடாதீர்கள், ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

*

மறுமொழி: சேதுநாட்டு ஆசிரியர்

துறைக்குறிப்பைப் பற்றி நண்பர் சொன்னது நியாயமே, அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் பாடலை முதலில் துறைக்குறிப்பு இல்லாமல் வாசிக்க வைத்தபோதுதான் என் மாணவர்கள் கண்ணை அகல விரித்தார்கள் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். யார் பேசுகிறார் என்று அவர்களுக்குள் சண்டையே நடக்கும். குறிப்பைக் காட்டியதும் அடங்கிவிடுவார்கள். மூன்று வரி என்ற எல்லையை நான் ஐந்தாக நீட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான் வேறுபாடு. விரல் துணியைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. தம்பி, அதுவே உங்கள் உரிப்பொருள்.

*

மறுமொழி: தங்கச்சிமடத்துக்காரன்

எல்லோருக்கும் என் நன்றி. நான்கு நாட்களாக இந்த மறுமொழிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரயிலைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்தபோது மிகவும் வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் வெளியூரில் வேலையில் இருந்தேன், பேருந்தில் வந்து பேருந்தில் திரும்பினேன், பாலத்தைப் பார்த்தும் அதில் ரயில் இல்லை என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

துறைமுகப் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டேன். புயல் இப்போது ஏழாம் அத்தியாயத்தில் பாட்டியின் வாய்மொழியாக வருகிறது. ஊறப்போட்ட அரிசியை அங்கே வைத்துக்கொள்ள ஆசிரியர் ஐயாவின் அனுமதியைக் கேட்கிறேன். விசைப்படகு, ரயில் பிழைகளையும் திருத்திவிட்டேன். காலத்தை மே மாதத்திலிருந்து தைக்கு நகர்த்தினேன், வாடை இன்னும் முழுதாக ஓயாத நாட்கள். அக்கா, உங்கள் அம்மாவின் விரல் துணியைக் கதையில் பயன்படுத்த அவருடைய சம்மதத்தையும் வாங்கித் தாருங்கள். புதிய தொடக்கம் இது.

"இடது கையின் ஐந்து விரலிலும் துணி சுற்றி முடித்த பிறகு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சற்று நேரம் சும்மா இருந்தாள். படகில் பதினோரு பேர் இருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த சின்னம்மா தன் விரல்களைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. காய்ந்த சேலைக் கிழிசலின் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு அவள் இழுத்தாள். உப்புக் கரித்தது. பெருவிரலின் முடிச்சு நின்றது, ஆட்காட்டி விரலில் நழுவியது, மறுபடியும் கவ்வினாள். 'குடுடீ, நான் கட்டுறேன்' என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வாயில் துணி இருந்ததால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை."

அடுத்த பத்தியில் தீவு நெருங்குகிறது, ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். ரயிலின் அமைதியை மூன்றாம் பக்கத்தில், அவள் மாலையில் வீடு திரும்பும்போது, பாட்டி திண்ணையில் காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பதாகக் கொண்டுவந்திருக்கிறேன். "ஏற்படவில்லை" என்று முடிகிற கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறதோ என்ற ஐயம் இருக்கிறது.

*

மறுமொழி: கையெழுத்துப்படி வாசிப்பவன்

உங்கள் ஐயம் சரி. "வாயில் துணி இருந்தது" என்பதோடு நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கம் என் மேசைக்கு வந்திருந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

*

மறுமொழி: தெற்குவாடி

அம்மாவிடம் படித்துக் காட்டினேன் தம்பி. தாராளமாக எழுதிக்கொள்ளச் சொன்னார், சித்தியின் பெயர் மட்டும் எங்கும் வரக்கூடாது என்றார். ஒரு திருத்தம் சொன்னார். துணி காய்ந்திருக்காது. படகு புறப்பட்டதும் கிழிசல்கள் எல்லாவற்றையும் கடல் தண்ணீரில் முக்கிப் பிழிந்துவிட்டுத்தான் கட்டுவார்களாம், காய்ந்த துணியில் போட்ட முடிச்சு தண்ணீருக்குள் இளகிவிடுமாம். ஆகவே "காய்ந்த" என்பதை எடுத்துவிட்டு "நனைத்த" என்று போடுங்கள். உப்புக் கரித்தது என்று நீங்கள் எழுதியதற்கு அப்போதுதான் பொருள் வரும்.